நீல வாண்டா: நர்சரியில தொங்குற பூவ காட்டுல தொட்டா ஏன் கேஸ் ஆகுது?

ஆர்கிட் விக்கற எந்தக் கடைக்குப் போனாலும், மண்ணே இல்லாம வேரெல்லாம் காத்துல தொங்க, ஊதாப் பூவோட ஒரு செடி கூடையில தொங்கும். பேரு கேட்டா வாண்டான்னு சொல்வாங்க, காசு குடுத்தா வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடலாம். அதே மாதிரி இருக்கற ஊதா வாண்டாவ மேகாலயா பக்கம் ஒரு காட்டு மரத்துலேர்ந்து பிச்சு எடுத்தா வனத்துறை கேஸ் போடலாம், ஜெயிலுக்குக்கூட போக வேண்டி வரலாம். பாக்க ஒரே மாதிரி இருக்கற செடி, ஒரு இடத்துல கடைச்சரக்கு, இன்னொரு இடத்துல குத்தமான்னு கேக்கறது நியாயமான கேள்விதான். சட்டப் புத்தகத்துல அதுக்குப் பாதி பதில்தான் இருக்கு. மீதிப் பாதி, அந்தச் செடி எந்த மாதிரி மரத்துல, எந்த மாதிரி வெயில் காத்துல வாழுதுங்கறதுல இருக்கு. அதனால அடிப்படையிலேர்ந்தே வரலாம்.

## எந்தச் செடிய பத்தி பேசறோம்

அறிவியல் பேரு வாண்டா செருலியா. செருலியான்னா லத்தீன்ல வான நீலம்னு அர்த்தம், அதனாலதான் ப்ளூ வாண்டா, நீல வாண்டான்னு பேரு. தாய்லாந்துல இத ஃபா முய்னு சொல்வாங்க. இந்தியாவுல மேகாலயா, அஸ்ஸாம், அருணாச்சலப் பிரதேசம், நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் மலைங்கள்ல இருக்கு, அங்கேர்ந்து மியான்மர், வடக்கு தாய்லாந்து, சீனாவோட யுன்னான் வரைக்கும் பரவியிருக்கு. உயரம் சுமாரா 800 லேர்ந்து 1,700 மீட்டர் வரைக்கும்.

செடி நேரா மேல போற ஒரே தண்டுதான். ரெண்டு பக்கமும் பட்டையா, கெட்டியா இலை அடுக்கியிருக்கும், இலை நுனி யாரோ கடிச்சு எடுத்த மாதிரி ஒழுங்கில்லாம முடியும். மழை ஓஞ்சு குளிர் தொடங்கற காலத்துல பூ வரும். ஒரு கொத்துல பத்துப் பதினஞ்சு பூ சாதாரணம், ஒவ்வொண்ணும் 7 லேர்ந்து 10 சென்டிமீட்டர் அகலம், அதுவும் வாரக்கணக்குல வாடாது. காட்டுச் செடியில இவ்வளவு பெரிய பூ, இந்தக் கலர்ல, இவ்வளவு நாள் நிக்கறது அபூர்வம். அதுதான் இதுக்கு எமனாவும் ஆச்சு.

கலர் விஷயத்தையும் இங்கயே முடிச்சுடலாம். பேர்ல நீலம் இருந்தாலும் பெரும்பாலான காட்டுச் செடியில பூ வெளிர் ஊதாதான், கொஞ்சம் நீலம் கலந்த ஊதா, அது மேல வலை பின்னின மாதிரி கருத்த கோடு ஓடும். நடுவுல இருக்கற சின்ன உதடு மட்டும் நல்ல அடர் ஊதா. ஆந்தோசயனின்ங்கற நிறமிதான் காரணம், கத்தரிக்காத் தோலுக்கு கலர் குடுக்கறதும் அந்தக் குடும்பத்து நிறமிதான். செடிக்குச் செடி அடர்த்தி மாறும், ரோஸ், வெள்ளைன்னுகூட அபூர்வமா வரும்.

## மரத்து மேல இருக்கு, ஆனா புல்லுருவி இல்ல

மரத்துல ஒட்டி வளர்ற எல்லாத்தையும் நம்ம ஊர்ல புல்லுருவின்னு சொல்லிடுவோம். வாண்டாங்கற பேரே அந்த மாதிரி ஒரு குழப்பத்துலேர்ந்து வந்ததுதான், மரத்து மேல வளர்ற செடிங்களுக்கு சமஸ்கிருதத்துல வந்தாகான்னு ஒரு சொல் இருக்கு, அதுலேர்ந்துதான் இந்தப் பேரு. ஆனா ரெண்டும் வேற வேற. புல்லுருவி மரத்துக்குள்ள வேர விட்டு அதோட சாற எடுக்கும். வாண்டா தொற்றுத் தாவரம், அதாவது மரத்த ஏறி நிக்கற இடமா மட்டும்தான் வச்சுக்கும், ஒரு சொட்டு சாறுகூட எடுக்காது.

அப்போ சாப்பாடு தண்ணி எங்கேர்ந்து? பிளஸ் ஒன் தாவரவியல் படிச்சவங்களுக்கு "தொற்று வேர், எடுத்துக்காட்டு வாண்டா" ஞாபகம் இருக்கும். அந்த வேர சுத்தி வெலாமன்னு ஒரு உறை, ஸ்பாஞ்சு மாதிரி, செத்துப்போன செல்லுங்களால ஆனது. காஞ்சிருக்கும்போது வேர் வெள்ளி கலர்ல இருக்கும், மழைத்தண்ணி பட்ட உடனே உறிஞ்சி பச்சையா மாறிடும். பட்டை மேல வழியற தண்ணியில கரைஞ்சு வர்ற தூசி, மக்கு, பறவை எச்சம், இதுல இருக்கற கொஞ்ச நஞ்ச சத்துதான் இதுக்கு உரம்.

இன்னொரு ஏற்பாடும் இருக்கு. வாண்டா வகைங்க பகல்ல இலைத்துளைய மூடிட்டு ராத்திரியில திறந்து கரியமில வாயுவ இழுத்து சேத்து வச்சுக்கும், பகல் வெளிச்சத்துல அத வச்சு உணவு தயாரிக்கும். கள்ளிச்செடி பண்ற அதே வேலை. மழைக்காட்டுச் செடிக்கு பாலைவனச் செடியோட பழக்கம் எதுக்குன்னு தோணும், அதுக்கு அடுத்த பகுதியில பதில் இருக்கு.

## அது வாழற காடு நாம நினைக்கற காடு இல்ல

ஆர்கிட்னு சொன்ன உடனே மனசுல வர்ற படம் என்ன? இருட்டான காடு, பாசி படிஞ்ச மரம், எப்பவும் ஈரம், புழுக்கம். மேகாலயான்னா கேக்கவே வேண்டாம், சிரபுஞ்சியில வருஷ மழை சராசரியா 11,000 மில்லிமீட்டருக்கு மேல. ஆனா நீல வாண்டா இருக்கற இடம் இதுக்கு நேர் எதிர். இத தெளிவா எழுதி வச்சவரு ஜோசஃப் டால்டன் ஹூக்கர், லண்டன் கியூ தோட்டத்துக்காக செடி சேகரிக்க வந்தவரு. 1850ல தாமஸ் தாம்சன்ங்கறவரோட மேகாலயாவுல இருக்கற காசி மலையில சுத்தினாரு, அங்க லெர்னாய்ங்கற ஊர்ப் பக்கம் ஓக் மரக்கூட்டத்துல இந்தச் செடி கொத்துக் கொத்தா பூத்திருந்தத பாத்தாரு. அவரு பதிவு பண்ணின விஷயங்கள ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தா செடியோட மொத்த குணமும் புரிஞ்சுடும்.

1. இடம் புல் மூடின காஞ்ச குன்று, 3,000 லேர்ந்து 4,000 அடி உயரம், அதாவது ஏறக்குறைய 900 லேர்ந்து 1,200 மீட்டர். அடர்ந்த காடு இல்ல.

2. மரம் குட்டையா, முறுக்கிக்கிட்டு, இலை ரொம்பக் கம்மியா இருக்கு. அதனால கிளையில இருக்கற வாண்டா மேல வெயில், மழை, காத்து மூணும் நேரா படுது.

3. வாண்டா இருக்கற கிளையில பாசியும் இல்ல, லைக்கனும் (பட்டை மேல திட்டுத் திட்டா படியற பூஞ்சை-பாசிக் கூட்டு) இல்ல. வேர் காஞ்சு சொரசொரன்னு இருக்கற பட்டை மேல பரவி ஓடுது.

4. மழைக்காலத்துல காத்து முழுக்க ஈரம், ஆனா புழுக்கம் கிடையாது, காத்து ஒரு இடத்துல தேங்கி நிக்கறதே இல்ல.

5. பூக்கற காலத்துல வெப்பம் 60 லேர்ந்து 80 டிகிரி ஃபாரன்ஹீட், நம்ம கணக்குல சுமார் 16 லேர்ந்து 27 டிகிரி செல்சியஸ். நல்ல வெயில், பகல்ல காத்தும் பட்டையும் காஞ்சே இருக்கும்.

6. குளிர்காலத்துல தரையில உறைபனி படியற அளவுக்கு குளிரு.

இப்போ கள்ளிச்செடி பழக்கத்துக்கு வாங்க. மழை எவ்வளவு பெஞ்சாலும் மண் இல்லாததால தண்ணி சேத்து வைக்க இடமில்ல, மழை விட்டு வெயிலும் காத்தும் அடிச்சா சீக்கிரமே பட்டை காஞ்சுடும். வருஷத்துல பாதி நாள் மழையே இல்ல. அப்படிப் பாத்தா மரக்கிளைங்கறதே ஒரு சின்ன பாலைவனம்தான். கெட்டி இலை, ஸ்பாஞ்சு வேர், ராத்திரி மூச்சு எல்லாம் அதுக்காக வந்ததுதான், மழை அதிகமா இருக்குங்கறதால அந்தத் தேவை போயிடல.

இந்தப் பட்டியல்ல எனக்கு ரொம்ப முக்கியமா படறது ரெண்டாவதும் மூணாவதும். குட்டை மரம், கம்மி இலை, சொரசொர பட்டை. இப்படி ஒரு இடத்த பாத்தா நம்மள்ல பெரும்பாலானவங்க காடுன்னே சொல்ல மாட்டோம், வெறும் பொட்டல்ல நாலு மரம் நிக்குதுன்னுதான் சொல்வோம். கடைசியில இந்த விஷயத்துக்கு திரும்ப வருவோம், ஏன்னா செடிய காப்பாத்தற முயற்சி தடுமாறுறதே இந்த இடத்துலதான்.

## 1850ல ஒரு சுமைக்கு என்ன விலை

வில்லியம் கிரிஃபித் 1837ல காசி மலையில இந்தச் செடிய கண்டெடுத்தாரு, ஜான் லிண்ட்லி 1847ல பேரு வச்சு விவரிச்சாரு. அதுக்குள்ள இங்கிலாந்துல பணக்காரங்களுக்கு ஆர்கிட் பைத்தியம் உச்சத்துக்குப் போயிருந்துச்சு, நீல கலர்ல ஒரு ஆர்கிட்னா சும்மா விடுவாங்களா.

ஹூக்கரும் தாம்சனும் கியூ தோட்டத்துக்காக ஏழு ஆள் சுமை அளவுக்கு இந்தச் செடிய பறிச்சாங்க. அதுல உயிரோட இங்கிலாந்து போய் சேந்தது ரொம்ப சொற்பம். அவங்க கூட தோட்டக்காரர அனுப்பி இடத்த தெரிஞ்சுக்கிட்ட இன்னொருத்தரு ஒரே ஒரு ஆள் சுமை அனுப்பினாரு, செடிங்க மோசமான நிலையில போய் சேந்தும் 300 பவுண்டுக்கு வித்துச்சு, ஒரு செடி 3 லேர்ந்து 10 பவுண்ட் வரைக்கும். முயற்சி எடுத்து சேகரிச்சா காசி மலை ஆர்கிட்ல ஒரே சீசன்ல 2,000, 3,000 பவுண்ட் பாக்கலாம்னும் ஹூக்கரே கணக்கு சொன்னாரு. அப்புறம் என்ன ஆகும்னு சொல்லணுமா? சுமை சுமையா இறக்கினாங்க.

இங்க வலிக்கற விஷயம், போய் சேந்ததுலயும் நிறைய செடிய அவங்க வளத்த விதமே கொன்னுடுச்சு. கண்ணாடி வீட்டுக்குள்ள சூடா, ஈரமா, காத்து வராம அடைச்சு வச்சு வளத்தாங்க. குளிர், வறட்சி, வெயில், ஓயாத காத்து, இதெல்லாம்தான் இந்தச் செடிக்கு வேணும், அதையெல்லாம்தான் நாம இங்க ஆர்கிட்டுக்குக் குடுக்காம தவிர்க்கறோம்னு ஹூக்கர் அப்பவே எடுத்துச் சொன்னாரு. 170 வருஷத்துக்கு மேல ஆகியும் வாண்டாவ காத்தோட்டமில்லாத மூலையில வச்சு தினமும் தண்ணி ஊத்தி வேர அழுக விடறது நிக்கல.

## எடுத்தா ஏன் திரும்ப முளைக்கறதில்ல

ஒரு வேப்பமரத்துல ஆயிரம் காய பறிச்சாலும் அடுத்த வருஷம் திரும்பக் காய்க்கும். இங்க கணக்கு வேற.

1. விதை. ஒரு ஆர்கிட் காய்ல லட்சக்கணக்குல விதை இருக்கும், ஆனா ஒவ்வொண்ணும் தூசி அளவுதான். நெல்லுல, கம்புல இருக்கற மாதிரி முளைக்கத் தேவையான சேமிப்பு உணவு அதுக்குள்ள இல்லவே இல்ல.

2. பூஞ்சை. உணவு இல்லாத விதைக்கு பட்டை மேல இருக்கற ஒரு பூஞ்சைதான் தாய்ப்பால் மாதிரி. அது விதைக்குள்ள புகுந்து சத்து குடுத்தாதான் முளைக்கும். ஃபிரான்ஸ்ல நோயல் பெர்னார்ங்கறவரு 1899ல இத கண்டுபிடிச்சாரு. சரியான பூஞ்சை இருக்கற சரியான பட்டை மேல காத்துல பறந்து போய் உக்காரற விதைக்கு மட்டும்தான் வாழ்க்கை, மத்ததெல்லாம் வீண்.

3. நேரம். முளைச்சது பூக்கற அளவுக்கு வளர பல வருஷம் ஆகும். பூத்து நிக்கற செடியதான் எல்லாரும் பறிக்கறாங்க, விதை போடற தலைமுறையும் அதுதான்.

4. ஒரே குருத்து. பல ஆர்கிட்ல அடியில கிழங்கு மாதிரி தண்டு இருக்கும், ஒண்ணு போனா பக்கத்துலேர்ந்து இன்னொண்ணு வரும். வாண்டாவுக்கு அந்த சேமிப்பு இல்ல, வளர்றது ஒரே நுனியிலதான். பிச்சு எடுக்கும்போது வேர் அறுந்து, குருத்துல அடி பட்டா பெரும்பாலும் அதோட முடிஞ்சுது.

## சட்டம் என்ன சொல்லுது

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்னு பேரு இருக்கறதால இது விலங்குக்கு மட்டும்னு நினைக்கறவங்க உண்டு. 1991 திருத்தத்துல செடிங்களுக்குன்னு தனி அத்தியாயமே சேத்தாங்க. அப்போ ஆறாவது அட்டவணையில மொத்தமே ஆறு பதிவுதான் இருந்துச்சு, அதுல ஒண்ணு நீல வாண்டா. கூடவே சிவப்பு வாண்டா, லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்கிட், காசி மலை குடுவைச் செடி, பெடோம் சைக்கஸ், குத் மூலிகை. 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 அன்னிக்கு அமலுக்கு வந்தப்போ அட்டவணை எல்லாம் மாறிடுச்சு, இப்போ செடிங்க இருக்கறது மூணாவது அட்டவணை. பழைய கட்டுரைங்கள்ல ஆறாவது அட்டவணைன்னு இருந்தா குழம்ப வேண்டாம்.

நடைமுறையில அர்த்தம் இதுதான்:

1. வன நிலத்துலேர்ந்தும், மத்திய அரசு அறிவிச்ச இடங்கள்லேர்ந்தும் பறிக்கறது, வேரோட எடுக்கறது, சேதப்படுத்தறது குத்தம்.

2. வச்சிருக்கறது, விக்கறது, வண்டியில எடுத்துட்டுப் போறது, அன்பளிப்பா குடுக்கறதுகூட இந்தத் தடைக்குள்ள வரும், செடி உயிரோட இருந்தாலும் சரி செத்திருந்தாலும் சரி. "நான் பறிக்கல, ஃப்ரெண்டு குடுத்தாரு"ங்கறது தப்பிக்கற வழி இல்ல.

3. வளக்கணும்னா தலைமை வன உயிரினக் காப்பாளர்கிட்ட லைசென்ஸ் வாங்கணும், வியாபாரத்துக்கும் லைசென்ஸ் வேணும்.

4. பழங்குடி மக்கள் அவங்க வாழற மாவட்டத்துல சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கலாம்னு விலக்கு இருக்கு. விக்கறதுக்கு இல்ல.

5. மீறினா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒரு லட்சம் ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும்.

நாடு விட்டு நாடு போறதுக்கு சைட்டஸ் ஒப்பந்தம் தனியா இருக்கு. அதுல முதல் பட்டியல்னா காட்டுலேர்ந்து எடுத்தத வியாபாரத்துக்கு அனுப்பவே கூடாது, ரெண்டாவது பட்டியல்னா பர்மிட்டோட அனுப்பலாம். நீல வாண்டா முதல் பட்டியல்ல இருந்துச்சு, 2004ல பாங்காக்ல நடந்த மாநாட்டுல ரெண்டாவதுக்கு மாத்தினாங்க. உலகச் சந்தையில இருக்கறது பெரும்பாலும் நர்சரியில வளந்ததுதான்ங்கறது ஒரு முக்கியமான வாதம். இத பாத்துட்டு "பாதுகாப்ப எடுத்துட்டாங்க"ன்னு சிலர் எழுதறாங்க, அது தப்பு. சைட்டஸ் பட்டியல் மாறினதால இந்தியச் சட்டம் மாறல.

## அப்போ கடையில தொங்கறது என்ன

பெரும்பாலும் கலப்பினம், அதாவது ஹைபிரிட். நீல வாண்டாவோட கலரையும், பிலிப்பைன்ஸ் மிண்டனாவோ தீவுல இருக்கற வாண்டா சாண்டெரியானாவோட உருண்டையான பெரிய பூவையும் சேத்து உருவாக்கின வாண்டா ராத்ஸ்சைல்டியானா 1931ல பதிவாச்சு. இன்னிக்கு ஊதா, நீல கலர்ல தொங்கற கடை வாண்டா நிறையவற்றுக்கு நீல வாண்டா பாட்டி முறை. கலர் காட்டுச் செடியவிட அடர்த்தியா இருக்கறதும், பூ தட்டு மாதிரி விரிஞ்சு இருக்கறதும் இதனாலதான்.

பூஞ்சை இல்லாம எப்படி முளைக்க வச்சாங்கன்னா, 1922ல லூயிஸ் நட்சன் சர்க்கரையும் உப்புச் சத்தும் கலந்த ஜெல்லி மேல ஆர்கிட் விதைய முளைக்க வச்சு காட்டினாரு. பூஞ்சை குடுக்கற சாப்பாட்ட பாட்டில்ல குடுத்துட்டாரு, அவ்வளவுதான். உலகம் முழுக்க ஆர்கிட் நர்சரிங்க நிக்கறது இந்த ஒரு அடித்தளத்து மேலதான். நம்ம பக்கத்துலயே திருவனந்தபுரம் பாலோடுல இருக்கற தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையத்துல நீல வாண்டாவ திசு வளர்ப்புல பெருக்கி, காட்டு மரங்கள்ல கட்டி வளத்துப் பாத்து 2000ல முடிவ வெளியிட்டாங்க. அதனால "செடியே அழிஞ்சுடும்"ங்கற பயம் பெருசா வேண்டாம், பாட்டில்ல இத எவ்வளவு வேணாலும் பெருக்கலாம்.

வாங்கறவங்க பாக்க வேண்டியது. நர்சரி செடிங்க எல்லாம் ஒரே அளவுல, ஒரே வயசுல, இலை சுத்தமா, வேர் கூடைய சுத்தி முழுசா ஓடியிருக்கும். காட்டுலேர்ந்து வந்ததா இருந்தா அளவு ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது, இலையில பழைய பூச்சிக்கடி, வெயில் தழும்பு இருக்கும், வேர் உடைஞ்சிருக்கும், வேரோட மரப்பட்டைத் துண்டு ஒட்டியிருக்கும். சாக்குல, கட்டாக் கட்டி, ரோட்டோரத்துல வச்சு வித்தா யோசிக்கவே வேண்டாம், வாங்காதீங்க. நீங்க வாங்கற ஒண்ணுக்காக இன்னொரு சாக்கு இறங்கும்.

## செடிக்கு சட்டம் இருக்கு, மரத்துக்கு?

நீல வாண்டா விஷயத்துல பறிக்கறவங்கள பத்திதான் எல்லாரும் பேசறோம். ஆனா ஒருத்தன் ஒரு செடிய பறிச்சா ஒரு செடி போகும், ஒரு ஓக் மரத்த வெட்டினா அதுல இருக்கற அத்தனையும், அடுத்து முளைக்கறதுக்கான பட்டையும், அந்தப் பட்டையில இருக்கற பூஞ்சையும் சேந்து போகும். அந்தக் குட்டை மரங்க விறகுக்கும் கரிக்கும் தோதானது, ஜும் சாகுபடிக்கு, அதாவது காட்ட எரிச்சு இடம் மாத்தி மாத்தி பயிர் பண்றதுக்கு, திரும்பத் திரும்ப சீக்கிரமே எரிக்கற இடங்கள்ல கிழடாகவே விடறதில்ல. சுரங்கமும் ரோடும் வேற.

மேகாலயாவுல பெரும்பாலான காடு அரசாங்கத்துது இல்ல, ஊருக்கும் குலத்துக்கும் தனி ஆளுங்களுக்கும் சொந்தம். மாவ்ஃப்ளாங் மாதிரி தெய்வக்காடுகள காசி மக்கள் ஒரு குச்சிகூட எடுக்காம தலைமுறை தலைமுறையா காப்பாத்தி வச்சிருக்காங்க, அது பெரிய விஷயம். ஆனா அது அடர்ந்த, ஈரமான, பாசி படிஞ்ச காடு. நீல வாண்டா கேக்கறது அது இல்ல, குன்று மேல வெயில்ல நிக்கற அந்த நாலு மரத்த. அந்த நாலு மரத்துக்கு கோயிலும் இல்ல, சரணாலயப் பலகையும் இல்ல, பாக்கறவங்க கண்ணுக்கு வெட்டிட்டு வேற ஏதாவது நடலாம்னு தோணற இடம் அது. நல்ல எண்ணத்தோட அங்க வேகமா வளர்ற மரத்த அடர்த்தியா நட்டாலும் வாண்டாவுக்கு அது நிழல்தான்.

அதனால பாட்டில்ல வளந்த கன்னுகள மலைக்கு திருப்பி அனுப்பறவங்க எண்ண வேண்டியது கன்னுகள இல்ல, வெட்டாம நிக்கற மரத்த. ஒரு கன்னுச் செடிய கிளையில நார் வச்சுக் கட்டலாம், ஒரு மழைக்காலத்துல வேர் பட்டைய பிடிச்சுக்கலாம், அது பூத்து, காய்ச்சு, அந்த விதை பக்கத்துக் கிளையில முளைச்சு தானா பூக்கற வரைக்கும் எப்படியும் பத்து வருஷத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் அந்த மரத்து மேல கோடாலி விழாம இருக்கணும், அத முடிவு பண்ற இடம் வனத்துறை ஆபீஸ் இல்ல, அந்தக் குன்று யாருக்கு சொந்தமோ அவங்க ஊர்க் கூட்டம்.